இரவல் சளி

மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தார் டயர்க்காரர். பேருந்துப் பணிமனையில் சக்கரங்களைக் கழற்றி மாட்டும் அந்தக் கைகளுக்கு, பிறந்து இரண்டே மாதமான மகளைத் தூக்க மட்டும் தடை! தடை விதித்தவர் மனைவி.

"சளியைச் சோதிச்சு, ஒண்ணும் இல்லைன்னு சீட்டு கொண்டாங்க. அப்புறம் பிள்ளையைத் தொடுங்க."

மருத்துவமனைச் செவிலியர் ஒரு சிறு டப்பாவைக் கொடுத்தார். டப்பாவைக் கண்டதும் டயர்க்காரரின் வீரம் விடைபெற்றது. காசநோய் என்று வந்துவிட்டால்? மகளைத் தூக்கவும் முடியாது, சிகரெட்டும் விரல்விட்டுப் போகும்!

பழைய டயர்க் குவியலுக்குப் பின்னால் புகைப்போர் பேரவை அவசரமாகக் கூடியது. தீப்பெட்டி முதல் தோள் வரை கொடுத்துதவும் கூட்டம் அது. சளி மட்டும் விலக்கா?

"நான் தர்றேன் தம்பி," என்றார் பேருந்துகளுக்கு வண்ணமடிக்கும் பெயின்டர். முப்பது ஆண்டுகளாகப் புகைத்தும் இருமியதே இல்லை என மார்தட்டி, 'இரும்பு நெஞ்சர்' பட்டம் பெற்றவர். "காலையில காறித் துப்புவேன், அது வெறும் பழக்கம். என் சளி சுத்தத் தங்கம்!"

மறுநாள் காலை, கரவொலிக்கிடையே டப்பா நிறைந்தது.

முடிவு வந்தது. கிருமி உண்டு. சீட்டிலோ டயர்க்காரர் பெயர்!

"அண்ணே, இது உங்க கிருமி."

"பேரு உன்னோடதுதானே? கொடுத்ததைத் திருப்பி வாங்கற வழக்கம் எங்க பரம்பரையிலயே கிடையாது."

பேரவை வாக்கெடுத்தது. நோய் டயர்க்காரருடையதே என்று, ஐந்துக்கு ஒன்று பெரும்பான்மையில் தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்துக்குக் கட்டுப்படக் கிருமி என்ன பேரவை உறுப்பினரா? கூட்டம் கலைந்தபோது, தொளதொளத்த கால்சட்டையை இறுக்க, பெல்ட்டில் ஆணியால் மூன்றாவது துளை போட்டுக்கொண்டிருந்தார் பெயின்டர். அவர் எவ்வளவு இளைத்துப்போயிருக்கிறார் என்பதை டயர்க்காரர் அப்போதுதான் கவனித்தார். பெயின்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு செவிலியரிடம் ஓடினார், உண்மையைக் கொட்டினார்.

"சளியைக் கூடவா இரவல் வாங்குவீங்க?" செவிலியர் தலையில் அடித்துக்கொண்டார். "புகை கிருமியைக் கொண்டு வராது. ஆனா நெஞ்சுல இருக்கிற காவலை அடிச்சுப் போட்டுடும். அப்புறம் கிருமிக்குத் திறந்த வீடுதான். அதான் புகைக்கிறவங்களுக்கு இந்த நோய் அதிகமா வருது."

"அப்ப என் பட்டம்?" என்றார் பெயின்டர்.

"ஆறு மாசம் மாத்திரையை விடாம போடுங்க. நெஞ்சாவது மிஞ்சும்."

இருவருக்கும் புதிய டப்பாக்கள். அவரவர் சளி அவரவருக்கே. பெயின்டருக்குக் கிருமி உறுதியானது. டயர்க்காரருக்குக் கிருமி இல்லை. இருமல் புகையின் கைவரிசை என்றார் மருத்துவர்.

சீட்டைக் கொடிபோல் உயர்த்தியபடி வீட்டுக்குப் பறந்த டயர்க்காரர், செவிலியர் சொன்னதையும் ஒப்பித்தார். மனைவி படித்தார். பிறகு முகர்ந்தார்.

"சீட்டு சுத்தம். சட்டை நாறுதே! பச்சைப் பிள்ளை நெஞ்சுக்கு இந்தப் புகை எதுக்கு? அதுலயும் காவலை அடிச்சுப் போடவா?"

 டயர்க்காரர் கிணற்றடிக்குப் போய்ச் சட்டையைச் சோப்பு வாளியில் அமுக்கினார். கால்சட்டைப் பையில் இருந்த பாக்கெட்டையும் அதே வாளியில் போட்டு, சிகரெட்டுகள் கூழாகும்வரை கசக்கினார். முழங்கைவரை தேய்த்துக் கழுவி வந்து, இரு கைகளையும் நீட்டினார்.

"ஈரக் கையோடயா?" என்றார் மனைவி, மகளை நீட்டிக்கொண்டே. "தொடைங்க முதல்ல!"