பத்துப் பேரின் நாடித்துடிப்பு

அந்த வார அறிவியல் பாடம் நாடித்துடிப்பு. மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பத்துப் பேரிடம் எண்ணி அட்டவணை போட வேண்டும். ஒன்பது வயது மகளிடம் நோட்டைக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் முடி என்று சொல்லிவிட்டாள் அம்மா. பத்துப் பேருக்குப் பிள்ளை எங்கே போவாள்? அதை யோசிக்க அந்த மகராசிக்கு ஏது நேரம்!

டீச்சர் ஒருத்தி மகளை "மக்கு" என்று சொன்ன அன்றே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் அவள். "நானே வீட்டுல சொல்லித் தரேன், யாரு தடுக்கிறாங்கன்னு பாக்கறேன்" என்று மார்தட்டி இரண்டு வருடம் ஆகிறது. விதை முளைக்க வைத்தார்கள். புழு வளர்த்துப் பட்டாம்பூச்சி பறக்கவிட்டார்கள். சொல்லிக்கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனாலும் நாத்தனார் வரும்போதெல்லாம், "பிள்ளை ஒத்தையா வளருதே" என்று ஆரம்பிப்பாள். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். சனிக்கிழமை நாத்தனார் வருகிறாள். அட்டவணையை அவள் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை நோட்டு வந்தது. பத்து வரிகளும் நிரம்பியிருந்தன. அம்மா 78, அப்பா 70. அப்புறம் தூங்குமூஞ்சி 76, ஓட்டக்காரி 138, ஜன்னல்காரி 98, அழுமூஞ்சி 112 என்று போய்க்கொண்டே இருந்தது.

"யாருடி இவங்கல்லாம்? நீ வெளியவே போகலையே!"

அம்மா நோட்டை விரலால் தட்டினாள்.

"எண்ணாம எழுதக்கூடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! கதை விடறியா?"

"எண்ணித்தான்மா எழுதினேன். உங்க ரெண்டு பேரைத் தவிர மீதி எல்லாம் நான்தான்."

காலையில் எழுந்ததும் எண்ணியவள் தூங்குமூஞ்சி. மாடிப்படி ஏறி ஓடியதும் எண்ணியவள் ஓட்டக்காரி.

"ஜன்னல்காரி?"

"நாலு மணிக்கு ஸ்கூல் வேன்லேர்ந்து எதிர் வீட்டுப் பசங்க இறங்குவாங்கல்ல, அப்ப."

அழுமூஞ்சி எப்போது என்று கேட்க அம்மாவுக்குத் தைரியம் வரவில்லை. வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. நாத்தனார் சொன்னது உண்மை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று எதிர் வீட்டு வாசலுக்குப் போனாள். உள்ளே பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடமாக எதிரெதிர்க் கதவு, ஒரு வார்த்தை பேசியதில்லை.

மகள் அழைப்புமணிவரை விரலைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

"திறந்தா முதல்ல என்னம்மா சொல்லணும்?"

எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் சொல்கிறவள் அம்மா. உள்ளே சண்டை ஓய்ந்து யாரோ சிரித்தார்கள்.

"எனக்கே தெரியலடி" என்றாள்.

மணியை இருவரும் அழுத்தவில்லை.