கரையில் விழுந்த சக்கரம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மாலை வகுப்பில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருக்கும் றெஜினோல்ட் சொன்னது. ஐம்பத்தேழாம் ஆண்டின் கடைசியில், அந்த மாரி வெள்ளத்தில், ஒரு சின்ன விமானம் எங்கள் ஊருக்குத் தெற்கே கோமாரிக் கடற்கரையில் இறங்கி, நோயாளி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு எழும்பியபோது அதன் சக்கரம் ஒன்று கழன்று மணலில் உருண்டதாம்.

"பிறகு?" என்றேன்.

"பிறகென்ன, அது போயிட்டுது."

"எப்பிடி இறங்கின?"

"எனக்கென்னடாப்பா தெரியும்? நான் கீழ நிண்டனான்."

வாத்தியார் வந்துவிட்டார். அன்றைய ஆங்கிலப் பாடத்தில் ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை. றெஜினோல்டுக்கு அந்த விமானம் போய்விட்டது. எனக்குப் போகவில்லை.

(என் மூத்த சகோதரி, கைருன்னிஸா ராத்தாவுக்கு, இது நிறைமாதம். அதற்கும் இந்தக் கதைக்கும் தொடர்பில்லை என்று முதலில் எழுதியிருந்தேன். அந்த வரியை வெட்டிவிட்டேன்.)

2

தொடக்கங்கள்.

'வானம் கறுத்திருந்த ஒரு காலைப்பொழுதில்' — எல்லாக் கதையிலும் வானம் கறுக்கிறது. வேண்டாம்.

'மீராசா அஞ்சா நெஞ்சன்' — இல்லை, அவன் பயந்தவன்.

'மீராசாவின் மனைவி நதீராவுக்கு நோவு கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது.' இது நிற்கட்டும்.

விமானத்தைக் கோமாரியிலிருந்து எங்கள் கல்முனைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டேன். இந்த மணல்தான் எனக்குத் தெரியும். தெரு தண்ணீருக்குள். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டியும் போகாது. தந்திக் கம்பியும் அறுந்து கிடக்கிறது. அரிசி மூட்டை போட வந்த விமானம் கடலோர ஈரமணலில் இறங்கியது. விமானி கொழும்பு ஆள், தமிழ் தெரியாது. பின்னால் நதீராவைச் சாய்த்துக் கிடத்தி, பக்கத்தில் இமக்குலேற் மிசி ஏறினார். பிள்ளைப்பேறு பார்க்கிறவர், இங்கிலீசும் தெரிந்தவர். மீராசாவுக்கு இடமில்லை.

விமானம் ஓடியது, ஒரு மணல்திட்டில் இடித்தது, எழும்பியது. வலப்பக்கச் சக்கரம் மட்டும் எழும்பவில்லை. அது உருண்டு வந்து மீராசாவின் காலடியில் சாய்ந்தது.*

* வலப்பக்கம்தானா என்று றெஜினோல்டிடம் கேட்டேன். "எந்தப் பக்கமெண்டா என்ன? ஒண்டில்லாட்டிச் சரியும்தானே" என்றான். சின்ன விமானத்துக்குச் சக்கரம் உள்ளே மடங்காது, வெளியே தொங்கிக்கொண்டேயிருக்கும், கழன்றாலும் ஓட்டுகிறவனுக்கு உடனே தெரியாது என்பதும் அவன் சொன்னதுதான்.

3

மீராசாவுக்கு என்ன தொழில்? முதலில் கடைக்காரன் என்று வைத்தேன். கடைக்காரன் சக்கரத்தைக் கட்டிப்பிடித்து அழுதான், கதை நகரவில்லை. கரைவலை மீன்பிடிக்கு மாற்றினேன். தோணிகள் திரும்பும்போது கரையில் நின்று துணியால் சைகை காட்டுபவன். தலைக்குமேல் வீசினால், அலை சரியில்லை, வராதே, வெளியே நில். அலை அடங்கும் நேரம் பார்த்துத் துணியை இறக்கினால், இப்போது வா.

விமானம் உயரம் எடுக்கச் சுற்றி வந்தது. மீராசா தோளில் கிடந்த துவாயை இழுத்துத் தலைக்குமேல் வீசினான். வராதே, இறங்காதே. கரையில் நின்ற சனமும் சேர்ந்து கையாட்டியது.

விமானி பார்த்தான். மரியாதை தெரிந்த மனிதன். விமானத்தின் சிறகுகளை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினான்.

"வெளங்கிட்டு! அவனுக்கு வெளங்கிட்டு!" என்று துள்ளினான் மீராசாவோடு வலை இழுக்கும் அபூசாலி.

நதீராவின் தாய் சல்மா உம்மா நெற்றியில் கையை வைத்து மேலே பார்த்தாள். "வெளங்கின ஆள் இப்பிடியாடா ஆட்டுவான்? கலியாண வூட்டுக்குப் போறவன் மாதிரி, போயிட்டு வாறன் எண்டுறான் அவன்."

"சும்மா இரிங்க மாமி" என்றான் மீராசா. வீசுவதை நிறுத்தவில்லை. அவனுக்கு வேறு சைகை தெரியாது.

4

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். மீராசாவை வலைக் கயிற்றால் மணலில் ஒரு சக்கரம் இல்லாத விமானப் படம் போடவைத்தேன். கயிற்றை விரித்து முடிக்குமுன் விமானம் போயிருக்கும். அடித்துவிட்டேன். பிறகு இரண்டு முடிவுகள்.

அ. ஒன்றும் அறியாமல் மட்டக்களப்பில் இறங்குகிறார்கள். விமானம் வலப்பக்கம் சரிந்து, சிறகு தரையில்

(இதற்குமேல் எழுத முடியவில்லை.)

ஆ. செய்தியே வரவில்லை. தண்ணீர் வடியும்வரை மீராசா சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறான்.

ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். சுவரில் சாய்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கடக்கரையில நிக்கிற எல்லாரும் கதைக்கிறாங்க. வயித்துப் புள்ளக்காரி மேல கிடந்து என்ன செய்யிறாளாம்? அவளும் அரிசி மூட்டையா?"

"நோவோட கிடக்கிறாள், ராத்தா."

"நோவெடுத்தா கண்ணும் தெரியாதா? யன்னல் இரிக்கில்லயா அதுல?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. நதீராவை ஏற்றிக் கதவைச் சாத்தியபிறகு அந்தக் கதவை நான் திறக்கவேயில்லை.

5

நதீரா யன்னலால் பார்த்தாள். கரையில் யார் யாரென்று தெரியவில்லை. துணி தெரிந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தக் கை தோணிகளை உள்ளே விடுவதைப் பார்த்துத்தான் அவள் அடுப்பு மூட்டுகிறாள்.

"மிசி, அவர் வர வேணாம் எண்டுறார்."

"இல்ல புள்ள, உன்ன வழியனுப்புறார். பேசாமக் கிட."

"என்ட மனிசன்ட கைய நான் அறியேனா? தோணி கவுளப் போனாத்தான் இப்பிடி வீசுவார். என்னமோ பிழை இரிக்கி. அந்த ஆளுட்டச் சொல்லுங்க மிசி!"

மிசி முன்னால் குனிந்து இங்கிலீசில் கத்தினார். விமானி சிரித்தான். பிறகு, எதற்கும் பார்ப்போம் என்பதுபோல வலப்பக்கம் சாய்ந்து கண்ணாடியால் கீழே எட்டிப் பார்த்தான். நிமிர்ந்தபோது சிரிப்பு இருக்கவில்லை.

அவன் சொன்னதை மிசி தமிழில் சொன்னார். ஒரு சக்கரம் இல்லை. மட்டக்களப்பில் டொக்டர் இருக்கிறார், ஆனால் தரை கல்லு மாதிரி. இங்கே ஈரமணல், சரிந்தாலும் தாங்கும். டொக்டர் இல்லை.

நதீரா பல்லைக் கடித்துக்கொண்டு நோவு ஒன்றைப் போகவிட்டாள். "அவர் துணிய இறக்கினா இஞ்சயே இறங்குவம். இறக்காட்டிப் போவம். அவர் பாத்துக்குவார்."

(மீராசா அவ்வளவு நம்பத் தகுந்தவனா? எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.)

6

விமானம் போகாமல் திரும்பவும் சுற்றுகிறது. மீராசா துணியைத் தலைக்குமேல் பிடித்தபடியே அண்ணாந்து பார்க்கிறான். மேலே கிடப்பவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

"இறக்கு மனே" என்கிறாள் சல்மா உம்மா. "என்ட புள்ள கண்ணுக்கு முன்னால வரட்டும்."

"இறக்காத மச்சான்" என்கிறான் அபூசாலி. "வந்து என்ன செய்ய? குறுக்க கிடக்கிற புள்ளய ஆர் எடுக்கிற?"

மீராசா ஈரமணலைக் காலால் மிதித்துப் பார்க்கிறான். இறுக்கமாகத்தான் இருக்கிறது. மிதித்த இடத்தில் தண்ணீர் ஊறுகிறது.

விமானத்தை மேலேயே விட்டுவிட்டுக் கதையை முடிக்கலாமா என்று யோசித்தேன். பெற்றோல் தீரும். நான் பேனையை மூடி வைத்தாலும் தீரும். சரி, எழுதுகிறேன்.

மீராசா 'யா அல்லாஹ்' என்று துணியை

ராத்தா கூப்பிடுகிறாள். குரல் வேறு மாதிரி இருக்கிறது.

"தம்பி! எழுத்த வெச்சிட்டு ஓடு! மிசியக் கூட்டியா!"

நான் போகவேண்டும். வாசிக்கிறவரே, துவாயை உங்கள் கையில் தருகிறேன். யாரிடமும் கேட்டுவர நேரமில்லை. விமானம் திரும்பி வருகிறது. அவள் யன்னலால் உங்களைத்தான் பார்க்கிறாள்.