மஹய்யாவக் காளான்

"றலியா எங்க? நீ ஆர்?"

பாலாம்பிகை கதவைப் பாதிதான் திறந்தாள். நகரில் குண்டு வெடித்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. சந்திக்குச் சந்தி சோதனை. முன்பின் தெரியாத முகமென்றால் எந்தத் தமிழ் வீட்டிலும் கதவு அவ்வளவுதான் திறந்தது.

"றலியா அக்காவுக்குக் காய்ச்சலுங்கம்மா. காளான் வளக்கிறது நாந்தான். வாடிப் போயிருமேன்னு நானே கொண்டாந்தேன்" என்றாள் இரஞ்சிதம்.

"எங்க வைச்சு வளக்கிறாய்?"

இரஞ்சிதத்துக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வழியில் ஆமிக்காரன் அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தபோதுகூட இப்படி அடிக்கவில்லை. றலியா வீடு வீடாகச் சொல்லி விற்றது வேறோர் ஊரின் பெயரில், 'பிலிமத்தலாவைக் காளான்' என்றுதான். அப்படிச் சொல்லச் சொன்னவளே இரஞ்சிதம். குப்பை வண்டியில் வேலைபார்த்த புருஷன் கறுப்பையா செத்தபிறகு, மரம் அரியும் மரக்காலையில் வீணாகக் கிடந்த மரத்தூளை அள்ளிவந்து, தவிடு கலந்து, பொலித்தீன் பைகளில் அடைத்து அவித்து, விதை போட்டு, தான் குடியிருந்த வரிசைவீட்டு லயத்துக் கூரைக்கடியில் தொங்கவிட்டாள். காளான் சிப்பி சிப்பியாக வெள்ளை வெளேரென்று விரிந்தது. ஆனால் லயத்தின் பெயரைக் கேட்டதும் ஒருத்தரும் கூடையைத் தொடவில்லை.

இன்று அவளுக்குப் பொய் வாயில் வரவில்லை.

"மஹய்யாவயிலங்கம்மா. குப்பை அள்ளுறவங்க லயத்துல."

கூடைக்கு நீண்ட கை சட்டென்று பின்வாங்கியது. "ஐயோ! ஆறு மாசமா இவர் இதைத்தானே ஆசையாச் சாப்பிடுறார்!"

"சாப்பிட்டு ஐயாவுக்கு ஏதும் ஆச்சுங்களா?"

பாலாம்பிகை தெருவை எட்டிப் பார்த்தாள். குரல் இறங்கியது. "இஞ்ச பார், காளானில பிழையில்லை. நீ வராதை. றலியாவிட்டையே குடுத்துவிடு. அவள் பிலிமத்தலாவை எண்டே சொல்லட்டும். நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

"ஏலாதும்மா. வேணும்னா என் கையால வாங்குங்க."

கதவு மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது: "ஆரப்பா, காளான்காரியே? வாங்கி வையும்."

"இல்லை. ஆரோ வீடு மாறி வந்தவை."

இரஞ்சிதம் கூடையைத் தலைக்கேற்றினாள். குண்டு வெடித்ததிலிருந்து அந்தத் தெருவில் தமிழ் உரத்துக் கேட்டதில்லை. ஆனாலும் வாயைத் திறந்தாள்.

"காளான்! மஹய்யாவ லயத்துக் காளான்!"

சந்தியில் நின்ற ஆமிக்காரன் திரும்பிப் பார்த்தான். அவள் அடுத்த வீட்டுப் படலையைத் தட்டினாள்.