மழையில் பால் வெட்டியவன்

நவமணி பார்த்த படங்கள் எல்லாவற்றிலும் கடைசிப் பத்து நிமிடம்தான் அவளுக்குத் தெரியும். ஈப்போ பேரங்காடியின் மூன்றாம் மாடித் திரையரங்கில் துப்புரவு வேலை அவளுக்கு. படம் முடிவதற்குச் சற்று முன்பே துடைப்பத்தோடு வாசல் ஓரம் போய் நிற்க வேண்டும். யார் செத்தான், யார் யாரைக் கட்டிக்கொண்டான் என்பதெல்லாம் அத்துப்படி. ஏன் என்று கேட்டால் கையை விரிப்பாள்.

'லாலாங்காட்டுத் துப்பாக்கி' மட்டும் அவளை அப்படி விட்டுவைக்கவில்லை. உள்ளூர்ப் பையன் யுகேந்திரன் எடுத்த படம். பாட்டு இல்லை, காதல் இல்லை, கௌபாய்ப் படம் மாதிரி. குதிரைக்குப் பதில் கப்சாய் மோட்டார் சைக்கிள். தலையில் அகலத் தொப்பி. சிம்பாங் பூலாய் பக்கம் லாலாங் புல் மண்டிப் பாழடைந்து கிடக்கும் ரப்பர் தோட்டத்தில் ஆளை ஆள் சுட்டுத் தள்ளுகிறார்கள். ஷர்மினி என்ற பெண் வாசலில் மைக்கோடு நின்று, வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் படம் எப்படி என்று கேட்டுத் தன் சேனலில் போட்டுக்கொண்டிருந்தாள். "வேற லெவல் லா" என்றான் ஒருவன். "ரத்தம் ஜாஸ்தி, என் மக அழுதுட்டா" என்றார் ஓர் அம்மாள். "இந்த வெயில்ல அந்தத் தொப்பி எதுக்கு?" என்று கேட்டார் ஒரு பெரியவர். நவமணிக்கு அவர் கேட்டதுதான் பிடித்திருந்தது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பாள், அந்த ஒரு வில்லன் இல்லாமல் இருந்தால். வில்லன் தோட்டத்து ஜாகா. இரவெல்லாம் காவல் காக்க வேண்டியவன், முதலாளி மேல் உள்ள கோபத்தில், ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக் கொட்டகைக்குத் தீ வைத்துவிட்டு ஓடுகிறான். கடைசியில் நாயைச் சுடுவது போல் அவனைச் சுடுகிறார்கள். அரங்கம் கை தட்டுகிறது. நாளுக்கு ஐந்து காட்சி, ஐந்து முறையும் கை தட்டல். நவமணி குப்பைப் பையை இறுகப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

ஏனென்றால் அந்த ஜாகா அவள் அப்பா பழனியப்பன்.

தொண்ணூற்று மூன்றில் அவர்கள் தோட்டத்தில் புகைக் கொட்டகை எரிந்தது. பால்மரம் வெட்டுகிற, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற பத்துமலை, ஜாகா மண்ணெண்ணெய் டின்னோடு ஓடியதைக் கண்ணால் பார்த்ததாக ஆபீசுக்குள் போய் மேனேஜரிடம் சொன்னார். எங்கே நின்று பார்த்தாராம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தாராம் என்பது வெளியில் யாருக்கும் தெரியாது. ஒரே வாரத்தில் பழனியப்பனை வெளியே அனுப்பினார்கள். மனைவியும் மூன்று பிள்ளைகளுமாக ஈப்போ ஓரத்துப் புந்தோங்கில் வந்து ஒண்டினார். அன்றைக்குப் பிறகு தோட்டத்து ஆட்கள் கல்யாணம், சாவு, கோயில் திருவிழா எதற்கும் அவரைக் கூப்பிடவில்லை. எழுபத்தாறு வயதாகிவிட்டது. ஒரு காது சுத்தமாக அடைத்துப் போய், மற்றக் காதும் பாதிதான். ஆனால் அந்த ஊரில் நான்கு பேர் தன்னை உட்காரச் சொல்ல வேண்டும் என்கிற ஆசை மட்டும் அடைபடவில்லை.

இப்போது பத்துமலை, அந்தத் தோட்டத்தில் இருந்தவர்களின் சங்கத்துக்குத் தலைவர். சனிக்கிழமை மதியக் காட்சிக்கு எல்லாரையும் பஸ் வைத்து அழைத்துப் போகிறார் என்று எப்படியோ அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போடச் சொன்னார். நவமணி பத்துமலைக்கு போன் போட்டாள்.

"பெரியவருக்கு எதுக்குமா அலைச்சல்? படமும் அவருக்கு ஒத்து வராது. வேண்டாம் லா" என்றார் பத்துமலை.

அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது? பஸ்ஸில் இடம் இல்லையாம் என்று கத்திச் சொன்னாள். "அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்று சட்டையை மடித்தார். 

புதன்கிழமை விடுப்பு நாள். ஊழியர் டிக்கெட்டில், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு படத்தை முதலிலிருந்து பார்க்க உட்கார்ந்தாள். 'கண்ணால் கண்டவர் சொன்ன கதை. நன்றி: பத்துமலை' என்று எழுத்து வந்தது. முக்கால் மணி நேரம் கழித்துக் கொட்டகை எரிகிற காட்சி. விடியற்காலை. மழை கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. தலையில் விளக்குக் கட்டிய தொழிலாளி ஒருவன் மரம் வெட்டிக்கொண்டிருக்கிறான். வெள்ளைப் பால் கோப்பையில் வழிகிறது. மழைத் திரைக்கு அந்தப் பக்கம் ஜாகா டின்னோடு ஓடுவதைப் பார்த்துவிடுகிறான்.

நவமணிக்குச் சிரிப்பு வந்தது. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போய்க் கோப்பை துடைத்தவள் அவள். மரம் நனைந்தால் பால் கோப்பைக்கு வராது, பட்டையெல்லாம் பரவி மழைத் தண்ணீரோடு போய்விடும். மழை பெய்தால் காலையில் ஆள் கூப்பிடுகிற பெரட்டே கிடையாது. மழைச் சத்தம் கேட்டதும் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுக்கத் திரும்பப் போர்த்திக்கொண்டு படுக்கும்.

சிரிப்பு பாதியில் நின்றது.

அன்றைக்கும் மழைதான். அவளுக்குப் பதினொரு வயது. மழை என்று அம்மா மறுபடி படுத்துக்கொண்டதும், புகை வாடை வந்ததும், நனைந்துகொண்டே கொட்டகை எரிந்ததும் நேற்றுப் போல் இருந்தது. மழை மட்டும் இல்லையென்றால் லயமே போயிருக்கும் என்று ஊரே முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் பத்துமலை எந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்? எழுந்து ஓடிப் போய் அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஓடவில்லை. ஜாகா மகள் சண்டைக்கு வந்தாள் என்று ஒரு பேச்சில் ஊதித் தள்ளிவிடுவார்கள். அவர்கள் வாயிலிருந்தே வர வேண்டும். சனிக்கிழமை வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதென்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை மதியக் காட்சி முடிந்து நாற்பது பேர் வெளியே வந்தார்கள். நடுவில் சந்தன நிறச் சட்டையில் பத்துமலை. பக்கத்தில், அவர்கள் என்ன சொல்வார்களோ என்று நகம் கடித்தபடி யுகேந்திரன். துடைப்பத்தோடு நின்ற நவமணி, ஷர்மினியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள்: "இவங்கல்லாம் பால்மரம் வெட்டுனவங்கமா. மழையில மரம் வெட்டுற சீன் எப்படி இருந்துச்சுன்னு கேளு. அது ஒண்ணு போதும்."

ஷர்மினி கேட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"மழையில எவன் மரத்துக்குப் போனான்? தம்பிக்கு மரத்தைப் பத்தி ஒண்ணும் தெரியல" என்றாள் முத்தம்மா. அந்தக் காலத்தில் அடுத்த லயத்தில் இருந்தவள்.

எல்லாரும் சிரிக்கும்போது தலைவர் சும்மா இருப்பாரா? மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் பத்துமலை. "இருபத்தஞ்சு வருஷம் மரம் வெட்டுனவன் சொல்றேன். மழை நாள்ல மரத்துல கத்தி வச்சா எங்களை மேய்க்கிற மண்டோர் தோலை உரிச்சிடுவான். சின்னப் பசங்க, தெரியாம எடுத்துட்டாங்க."

யுகேந்திரனின் முகம் சிவந்தது. மூன்று வருடம் கடன் வாங்கிப் படம் எடுத்தவன். "அங்கிள், நான் எதையும் சொந்தமா எடுக்கல. நீங்க சொன்னது என் போன்ல இருக்கு. 'சரியான மழை, நான் மரம் வெட்டிக்கிட்டே பார்த்தேன். மேனேஜர்கிட்டயும் இதத்தான் சொன்னேன்'. ஒரு வார்த்தை மாத்தல அங்கிள்."

சிரிப்பு அடங்கியது. நவமணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தாள்.

"மாமா, நான் பழனியப்பன் மக. அன்னிக்குக் காலையில நீங்க எந்த மரத்தை வெட்டிக்கிட்டு இருந்தீங்க?"

பத்துமலை மைக்கை ஷர்மினி பக்கம் தள்ளிவிட்டார். 

"அன்னிக்கு மணியே அடிக்கலையே" என்றாள் முத்தம்மா, மெல்ல, யாரிடமோ சொல்வது போல. "பெரட்டு இல்ல. நாங்க எல்லாம் வீட்டுலதான் இருந்தோம்."

நாற்பது பேரும் மரம் அறிந்தவர்கள். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவராகப் பத்துமலை பக்கம் திரும்பினார்கள்.

"கேமராவை நிறுத்துமா" என்றார் அவர்.

ஷர்மினி நவமணியைப் பார்த்தாள்.

"ஓடட்டும்" என்றாள் நவமணி.

பத்துமலை அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். "குளிருக்குக் கொட்டகைக்குள்ள போய்ப் படுத்தேன். கதகதப்பா இருக்கும். கையில சுருட்டு. அசந்துட்டேன். முழிச்சப்ப ஷீட்டெல்லாம் பிடிச்சிருச்சு. வேலை போயிடும்னு பயந்து பழனியப்பன் மேல பழியைப் போட்டுட்டேன். எனக்குப் புள்ளைங்க மூணு."

நவமணிக்கு மனம் இளகவில்லை. இளக வேண்டிய அவசியமும் அவளுக்குத் தெரியவில்லை. "எங்க அப்பாவுக்கும் மூணுதான் மாமா" என்றாள்.

பிறகு பஸ் டிரைவரிடம் போய், வண்டி புந்தோங் வழியாகப் போகட்டும் என்றாள். டிரைவர் தலைவரைப் பார்த்தார். முத்தம்மா அதட்டினாள்: "அந்தப் பொண்ணு சொல்றால்ல, அங்க விடு." மேற்பார்வையாளரிடம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு, சீருடையோடேயே நவமணியும் ஏறினாள். 

அடுக்குமாடியின் கீழே, சீனன் கடைக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். போக முடியாவிட்டாலும் மடித்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய முகங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முப்பது வருடத்துக்கு முந்திய முகங்கள். ஒவ்வொன்றாகத் தேடி அடையாளம் கண்டுபிடித்தார். 

"என்னா எல்லாரும் இங்க வந்துட்டீங்க? படம் எப்படி?" என்று கேட்டார்.

 கூட்டம் விலகி வழிவிட்டது. பத்துமலை முன்னால் வந்து, அவர் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தார். அப்பா காதில் ஒன்றும் விழாமல் மகளைப் பார்த்தார். பத்துமலை நிமிர்ந்து, பக்கத்தில் கிடந்த இன்னொரு நாற்காலியை இழுத்தார்.

நவமணி அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மேலே நான்கு மாடித் தாழ்வாரங்களிலும் ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நின்னுக்கிட்டே சொல்லுங்க மாமா. அப்பாவுக்குக் காது கேக்காது. சத்தமாச் சொல்லுங்க."