லாரியில் வந்துவிடும்

வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குப் பிசியோதெரபி செய்வது அவள் வேலை. ஒரு நாளைக்கு ஏழு வீடு. ஏழும் ஏழு மூலையில். பஸ் மாறி மாறி மூன்றாவது வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், தனக்கே யாராவது கைகால் பிடித்துவிட்டால் தேவலை என்றிருக்கும். பைக் வாங்கலாமென்றால், இப்போது வருகிற எதிலும் அவளுக்குக் கால் எட்டவில்லை. சீட்டு தாழ்வான பழைய மாடல் ஒன்று உண்டு. கம்பெனி அதை நிறுத்திப் பத்து வருஷமாகிறது. ஆறு மாதம் சல்லடை போட்டுத் தேடியதில் ஒன்று அகப்பட்டது. எழுநூறு கிலோமீட்டர் தள்ளி, ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் தினமும் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி.

"நான் போய் ஓட்டிட்டே வந்துடறேன். ரெண்டு நாள்ல வீடு" என்றாள்.

அவள் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். நடக்காத பிழையையும் முன்கூட்டியே திருத்திவிடும் சுபாவம்.

"வழியில மழை வந்தா? பஞ்சரானா? அவ்வளவு தூரம் ஓட்டி உன் இடுப்பு போச்சுன்னா உனக்கு யாரு பிசியோ பண்றது? லாரியில போட்டா அதுபாட்டுக்கு வந்துடும். நாம காலை நீட்டிட்டு உக்காந்திருக்கலாம்."

"நேர்ல பாக்காம எப்படிங்க வாங்கறது?"

"அதான் அவர் வீடியோல ஸ்டார்ட் பண்ணியே காமிச்சாரே. எல்லாம் நான் பாத்துக்கறேன், நீ விடு."

விட்டாள். அதுதான் அவள் செய்த ஒரே தப்பு.

நான்கு நாளில் வரும் என்றது பார்சல் கம்பெனி. ஐந்தாம் நாள் போன் செய்தாள். "வந்துட்டே இருக்கு மேடம்" என்றது ஒரு குரல். ஒன்பதாம் நாளும் அதே குரல், அதே தேன். தோள்பட்டை இறுகிப்போன ஒரு நோயாளி, தன் வலியைச் சொல்வதற்கு முன்னால் "பைக் வந்துடுச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார். பதினைந்தாம் நாள் அவள் வீட்டுக்குள் வெடித்தாள். "யாராவது தள்ளிக்கிட்டே வந்திருந்தாக்கூட இந்நேரம் வந்திருக்கும்ங்க!"

"டென்ஷன் ஆகாத. ஏதோ லோடு சேரலையா இருக்கும்" என்றார் அவர், செய்தித்தாளில் ஓர் எழுத்துப்பிழையை வட்டமிட்டபடி.

பத்தொன்பதாம் நாள்தான் அந்தக் குரல் வாய்தவறி உண்மையைச் சொன்னது. வண்டி நடுவழியில் ஒரு குடோனில் நிற்கிறது. அவர்கள் வீட்டிலிருந்து நானூறு கிலோமீட்டர். அன்றே லீவு சொன்னாள். "நானும் வரேன்" என்று அவர் பையைத் தூக்கினார். வேண்டாம் என்று சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

பத்து மணி நேரம் பஸ். ஜன்னல் மூடவில்லை. முன்சீட்டுக்காரர் சாய்ந்த சாய்வில் அவர் தலை இவள் மடியில் கிடந்தது.

குடோன் என்பது பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு ஒரு தகரக் கொட்டகை. மெத்தைகளுக்கும் வாஷிங் மிஷின்களுக்கும் பின்னால், தலையை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றது அவள் பைக். ஒரு கீறல் இல்லை.

"சார், நல்லாத்தானே இருக்கு? ஏன் அனுப்பல?"

குடோன் மேனேஜர் ரசீதைப் புரட்டினார். "ஹேண்டில் லாக் போட்டிருக்கு மேடம். இப்படிக் கோணலா நின்னா பக்கத்துல வேற லோடு வைக்க முடியாது. சாவி வேணும்னு ரசீதுல இருக்கற நம்பருக்கு மூணு தடவ போன் பண்ணோமே. எனக்கு லோன் வேண்டாம்னு ஒருத்தர் கத்திட்டு வச்சுட்டாரு."

அவள் மெல்லத் திரும்பினாள். கணவர் ஒரு வாஷிங் மிஷினில் ஒட்டியிருந்த விளக்கத்தை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"சரி, சாவி கொண்டு வந்திருக்கீங்கள்ல?" என்றார் மேனேஜர்.

"சாவியா? அது அந்தப் பெரியவர்கிட்டதானே இருக்கும்?" என்றாள் அவள்.

"இல்ல..." என்றார் கணவர், மிஷினிடம் சொல்வது போல. "அவர் தபால்ல அனுப்பிட்டாரு. வந்து ரெண்டு வாரமாச்சு. வீட்ல பத்திரமா இருக்கு."

மேனேஜர் நாசூக்காக வெளியே போய்விட்டார். அவள் கத்தவில்லை. ஒரு மெத்தைக் கட்டின் மேல் உட்கார்ந்து பைக்கையே பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அன்று பகல் அவர்கள் ஊருக்குப் பாதி காலியாகப் போகும் லாரி ஒன்று இருந்தது. நாலு பேர் பைக்கை அலாக்காகத் தூக்கி ஏற்றினார்கள்.

"நீங்க பஸ்ல போங்க மேடம். நாளைக்குக் காலைல அங்க வந்து எடுத்துக்கலாம்" என்றார் மேனேஜர்.

"இந்த நாளைக்கெல்லாம் நிறையப் பாத்துட்டேன். வண்டி எதுல போகுதோ அதுலதான் நானும்."

அப்படியாகப் போயும் ஆயிற்று, லாரியில் போட்டும் ஆயிற்று. டிரைவர் பக்கத்தில் அவள், கதவோரமாகக் கணவர். டிரைவர் நல்ல மனுஷன். தன் முட்டிவலியை மட்டும் மூன்று மணி நேரம் சொன்னார். நிறுத்தின இடத்திலெல்லாம் அவருக்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தாள்.

காலையில் சொந்த ஊர் பார்சல் ஆபீஸில் பைக் இறங்கியது. கணவர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினார். சாவியை எங்கே பத்திரப்படுத்தினோம் என்று அவருக்கே பிடிபடாமல், அகராதிகளுக்குப் பின்னாலிருந்து கண்டெடுத்துவர ஒன்றேகால் மணி நேரமாயிற்று.

சாவியை வாங்கி, லாக்கை எடுத்து, உதைத்தாள். நாலாவது உதைக்கு இன்ஜின் தடதடவென்று பேச ஆரம்பித்தது. அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் தைரியமாகப் பின்சீட்டில் கை வைத்தார்.

"நான் ஏறிக்கட்டுமா?"

"எதுக்குங்க சிரமம்? வழியில மழை வரும், பஞ்சராகும்" என்றாள். "உங்கள லாரியில போட்டு அனுப்பச் சொல்றேன். நீங்கபாட்டுக்கு வந்துடுவீங்க."

அவர் சீட்டிலிருந்து கையை எடுப்பதற்குள் வண்டி சீறிக் கிளம்பித் தெருமுனையைத் தாண்டியது. அவர் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.