நாலாம் எண் ஊர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் உறையிலிருந்து புகைப்படங்களை எடுத்து என் மேசைமேல் இரண்டு வரிசையாக வைத்தார். மேல் வரிசையில் இருந்தவை எல்லாம் ஒரே ஜன்னலிலிருந்து எடுத்தவை. கீழே வெகுதூரத்தில் ஏரி, ஏரியைச் சுற்றி ஊதாக் கோடு, ஒரு படகு. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மழையில் ஒன்று, திரும்பவும் காலை. கீழ் வரிசை ஏரிக்கரையில் நின்று மேலே மலையைப் பார்த்து எடுத்தது. அதிலும் ஒரே மலை, ஒரே கட்டடம்.

"இந்த மஞ்சப் புள்ளி தெரியுதாம்மா? மூணாவது மாடி, ஓரத்து ஜன்னல். அதான் அவ" என்றார்.

குனிந்து பார்த்தேன். தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் பயண நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். குளிர் விலகத் தொடங்கும் வாரத்தில், கோடையின் முதல் மாதத்துக்கென்று பத்து வெளிநாட்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்து, ஊருக்கு நான்கு வரி எழுதித் தர வேண்டியது என் பொறுப்பு. கையேடு அச்சுக்குப் போகும். நான்கு வரிதான். ஐந்தாவது வரி எழுதினால் படம் சின்னதாகிவிடும், படம் சின்னதானால் முதலாளியின் முகம் சின்னதாகிவிடும். கோடை ஆரம்பம் என்பது எங்கள் தொழிலில் ஒரு மாதிரியான காலம். விமானத்தில் இடம் கிடைக்கும், கூட்டம் இருக்காது, பூ இருக்கும். ஆனால் பாதி ஊர் இன்னும் தூக்கத்தில் இருக்கும். படகு விட்டிருக்க மாட்டார்கள், மலைப்பாதை மூடியிருக்கும். எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று விசாரித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். பூவைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

அந்த ஊர்களில் ஒன்றுக்குக்கூட நான் போனதில்லை. ஹோட்டல்காரர்கள் அனுப்பும் கடிதங்களையும் படங்களையும் வைத்து எழுதுவதுதான். பாஸ்போர்ட் இருக்கிறது, ஒரு முத்திரைகூடப் படாமல் ஒருமுறை காலாவதியாகி, அதைப் புதுப்பித்தும் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் எனக்கு ஊர்சுத்தி என்று பெயர் வைத்ததே அந்தக் கிண்டலில்தான். ஆனால் எழுத்தில் மட்டும் நேரில் நின்று பார்த்த தோரணை வந்துவிடும். "நீங்க போயிருக்கீங்களா மேடம்?" என்று யாராவது கேட்டால் சிரித்துவைப்பேன். சிரிப்புக்கு யாரும் சாட்சி கேட்பதில்லை.

கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கிறார். பதினோரு வருடமாக என் மூக்கின்மேல் உட்கார்ந்திருப்பது அவர் செய்து கொடுத்த கண்ணாடிதான். போன வருடம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, கையேட்டில் நாலாம் எண் ஊரைத் தொட்டுக் காட்டினார். மலைமேல் ஹோட்டல், கீழே ஏரி. "வீட்ல அவங்களுக்கு முட்டி வலி. படி ஆகாது. ஏரித் தண்ணியில காலை நனைக்கணும்னு கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்லிட்டிருக்கா. மேலேர்ந்து கீழ போறதுக்கு?"

"ரோப் கார் இருக்கு சார். ஒரு படிகூட இறங்க வேண்டாம்."

ரோப் கார் இருந்தது உண்மை. கோடையின் முதல் மூன்று வாரம் பராமரிப்புக்காக அது ஓடாது என்று ஹோட்டல்காரர்கள் எழுதியிருந்ததும் உண்மை. அந்த வரியை நான் படித்தேன். கையேட்டில் எழுதவும் செய்தேன். அது ஐந்தாவது வரியாகப் போய்விட்டது. ஒரு வரியை எடுத்தாக வேண்டும். ரோப் கார் நின்றிருக்கும் என்பதை எடுத்துவிட்டு, ஏரிக்கரை முழுக்க ஊதாப் பூக்கள் என்பதை வைத்துக்கொண்டேன். வாசிக்க அதுதான் அழகாக இருந்தது.

அவர் கேட்ட நொடியில் அந்த வரி என் நினைவுக்கு வந்ததா, வரவில்லையா என்று இந்த ஒரு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வரவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் தப்பிக்க வழியில்லை. ஏனென்றால் அவர்கள் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால், பழைய கடிதங்களை அடுக்கும்போது, அது கண்ணில் பட்டுவிட்டது. போனைக் கையில் எடுத்தேன். தேதி மாற்ற வேண்டும், முதலாளிக்கு விளக்கம் சொல்ல வேண்டும், "இதக்கூடப் பாக்க மாட்டியா?" என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று வாரம் என்று எழுதுவார்கள், ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனை வைத்துவிட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. சோம்பலும் பயமும்தான்.

முடிக்கவில்லை. கீழே இறங்க முந்நூற்றுப் பத்துப் படிகள். முதல் நாள் அந்த அம்மாள் பிடிவாதமாக இறங்கிப் பார்த்திருக்கிறார். நாற்பதாவது படியில் முட்டி பூட்டிக்கொண்டது. ஹோட்டல் ஆட்கள் இரண்டு பேர் நாற்காலி கொண்டுவந்து, அதில் உட்கார வைத்துத் தூக்கிப் போனார்கள். படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒதுங்கி நின்று வழிவிட்டார்களாம். மீதி ஐந்து நாளும் ஜன்னல்தான். அவர் போக மாட்டேன் என்றும், அந்த அம்மாள் போயே ஆக வேண்டும் என்றும் சண்டை போட்டு, கடைசியில் அவர் தினமும் கீழே போய்ப் படகுத்துறையில் நின்று மேலே பார்த்துக் கையாட்டுவார். அவர் பார்வைக்கு எட்ட வேண்டும் என்று அந்த அம்மாள் மஞ்சள் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலில் நிற்பார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் என்னைக் குறை சொல்லியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"எல்லாம் என்னாலதான்மா. நீங்க ரெண்டு தேதி கொடுத்தீங்க. கூட்டம் இருக்காதுன்னு நான்தான் முதல் தேதிக்கு அவசரப்பட்டேன். ஒரு மாசம் பொறுத்திருந்தா ரோப் கார் ஓடியிருக்கும்" என்றார். "அவ என்னடான்னா, தன் காலாலதான் எனக்கு எல்லாம் கெட்டுப்போச்சுங்கிறா. அப்புறம் வாசல் தாண்டறதே இல்ல. கடை, கடைக்குப் பின்னாடி வீடு, அவ்வளவுதான். இந்த வருஷம் சமதரையா ஒரு ஊர் பாத்து வைங்க. அப்படியே ஒரு நடை வந்து அவகிட்ட நீங்களே சொல்லுங்க. நேர்ல பாத்தவங்க சொன்னா நம்புவா."

நேர்ல பாத்தவங்க. நான் புகைப்படங்களைச் சேர்த்து அடுக்கி உறையில் போட்டுக் கொடுத்தேன். சரி சார் என்றேன்.

அவர் போன பின் முதலாளி எட்டிப் பார்த்தார். இந்த வருடப் பட்டியலில் ஒன்பது ஊர் முடிவாகியிருந்தது, நாலாம் எண் மட்டும் காலியாக வைத்திருந்தேன்.

"ஏம்மா, அந்த ஏரி ஊரையே போடேன். போன வருஷம் நல்லாப் போச்சே."

"ரோப் கார் ஓடாது சார், மூணு வாரம்."

"அத யாரு கேக்கப்போறா. பூ இருக்குல்ல?"

இருந்தது. பூவுக்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "ஒரு வருஷம் ஆச்சு. அவரே விட்டுட்டாரு, நீ ஏன் தோண்டற?" என்றார். விடவில்லையே, இரண்டு பேரும் தங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டு திரிகிறார்களே என்றேன். "அப்ப போய்ச் சொல்லு" என்றார். அவருக்கு எல்லாமே துணி மடிக்கிற மாதிரிதான். நான் மூன்று நாள் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் வேலைக்குப் போய் வந்தேன். நான்காம் நாள், மதியச் சாப்பாட்டு இடைவேளையில், கண் பரிசோதனை என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு போனேன். வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்கப் போக எனக்குத் தைரியம் இல்லை.

கடைக்காரர் உள்ளே கண்ணாடி வில்லை தேய்த்துக்கொண்டிருந்தார். இயந்திரம் சன்னமாக அலறிக்கொண்டிருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் உயரமான முக்காலியில் அந்த அம்மாள், மடியில் மஞ்சள் சால்வை. மென்துணியால் ஃபிரேம்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். கை வேகமாக வேலை செய்தது. கால் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

"அவரு அனுப்பினாரா?" என்றார். "உக்காரும்மா. ஊர் பேரெல்லாம் சொல்லாத. எனக்கு வேண்டாம். இந்தக் கால வச்சுக்கிட்டு நான் எங்க போனாலும் அவருக்குப் பாரம். நாலு பேர் பாக்க நாற்காலில தூக்கிட்டுப் போனாங்க. அவரு பின்னாடியே ரெண்டு செருப்பையும் கையில எடுத்துட்டு வர்றாரு. அத நீ பாத்திருக்கணும்."

செருப்பைப் பற்றிக் கடைக்காரர் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

"அக்கா, அந்த ரோப் கார் ஓடாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன்.

துடைத்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கடிதம், ஐந்தாவது வரி, ஊதாப் பூ, கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் கையில் எடுத்து வைத்த போன். பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனாலும் "தலைக்கு மேல வேலை" என்று ஓரிடத்தில் வந்துவிட்டது. அதை உடனே, "இல்லக்கா, வேலை ஒண்ணும் இல்ல. பயம்" என்று திருத்தினேன். நான் அந்த ஊருக்குப் போனதே இல்லை, எந்த ஊருக்கும் போனதில்லை என்பதையும் சொன்னேன். கேட்காததையும் சேர்த்துச் சொல்லும்போது கொஞ்சம் இறங்குகிற மாதிரி இருந்தது. அதுவும் எனக்குக் கூச்சமாக இருந்தது, இறக்கி வைப்பதற்காகவா வந்தேன் என்று.

அந்த அம்மாள் ஃபிரேமைக் கீழே வைத்தார்.

"அப்ப, ஓடற நாள்ல போயிருந்தா நான் இறங்கியிருப்பேன்."

"ஆமாக்கா."

"காலால இல்ல."

"இல்லக்கா."

தன் முட்டியைப் பார்த்தார். "ஒரு வருஷமா இதுங்கள வையாத நாள் இல்ல" என்றார். பிறகு குனிந்து, உள்ளங்கையால் வலது முட்டியை ஒருமுறை தடவினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கண்ணீர் வந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, ஆனால் அதற்கு அவர் அவசரப்படவில்லை.

"அவருகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா, என்னை சமாதானப்படுத்திக்க உன் மேல பழி போடறேன்னு நெனப்பாரு. முதல் தேதி, முதல் தேதின்னு தூக்கத்துலகூட முனகறாரு மனுஷன்."

உள்ளே இயந்திரம் நின்றது. கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்துட்டீங்களா. சொல்லிட்டீங்களா அவகிட்ட?" என்றார்.

"சொன்னா" என்றார் அந்த அம்மாள்.

"என்ன சொல்றா?" என்று அவர் என்னிடமே கேட்டார்.

"முதல்ல கண்ணப் பாருங்க. அவளுக்கு ஒண்ணும் சரியாத் தெரிய மாட்டேங்குதாம்."

சோதனை நாற்காலி கடையின் மறுகோடியில் இருக்கிறது. கடை நீளம் போதாதென்று எழுத்துப் பலகையைப் பின்சுவரில் மாட்டி, எதிரே நிலைக்கண்ணாடி வைத்திருக்கிறார், அதில்தான் பார்த்துப் படிக்க வேண்டும். என் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, கனமான இரும்பு ஃபிரேமை மூக்கில் மாட்டினார். நிலைக்கண்ணாடியில் எல்லாம் கலங்கிப்போனது. எழுத்துகள் இல்லை, சுவர் இல்லை. பின்னால் கல்லா இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி மட்டும் தெரிந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டிருக்கிறார் போல.

"சமதரையா ஊர் கெடச்சுதாம்மா?" அவர் வில்லைப் பெட்டியில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டார். "அவ ஒத்துக்கிட்டாளா? இந்தத் தடவ தேதிய நீங்களே வைங்க. நான் வாயே திறக்க மாட்டேன். என் ராசி அப்படி."

ஒரு வில்லையைச் செருகினார். புள்ளிக்குத் தோள் வந்தது. இன்னொன்று செருகினார். முகம் வந்தது.

"இப்ப?"

"கொஞ்சம் பரவால்ல."

"இப்ப?"

மூன்றாவது வில்லையில் எல்லாம் துலங்கிவிட்டது. மேலிருந்து கீழ்வரை எழுத்துகள், பலகையின் விளிம்பில் ஒட்டியிருந்த தூசி, கல்லாமேல் அடுக்கிய ஃபிரேம்கள். அந்த அம்மாள் முக்காலியை விட்டு இறங்கியிருந்தார். கல்லாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, நிலைக்கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியா இருக்கா? எங்க, படிங்க பாப்போம்" என்றார் அவர்.

"சார்" என்றேன்.

"ம்" என்று, வில்லையைப் பிடித்த விரலை எடுக்காமல், என் முகத்துக்கு நேராகக் குனிந்து காத்திருந்தார்.