மொண்ணப்பாவுக்கான இரட்டை வெடி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, குடகு மலையில் ஒரு தாய் தன் பிள்ளையை வழியனுப்பிய கதையைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் ஆண்பிள்ளை பிறந்தால் வானம் பார்த்துத் துப்பாக்கியால் ஒரு வெடி சுடுவார்கள். சாவு என்றால் இரண்டு. அதைக் கேட்டால் அக்கம்பக்கத்தார் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள்.

தேச்சவ்வாவின் ஒரே மகன் மொண்ணப்பா சீன எல்லைப் போரில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. உடல் வரவில்லை. கொழுந்தன் உத்தய்யா துப்பாக்கியை எடுத்தபோது அவள் குறுக்கே நின்றாள். பிள்ளையைக் கண்ணால் பார்க்காமல் சாவுவெடி சுட விடமாட்டேன் என்றாள். வெடி சுடாததால், மூதாதையருக்குக் கள்ளும் பன்றிக்கறியும் படைக்கிற நாளில் அவனுக்கு மட்டும் படையல் இலை போடவில்லை. பத்து வருடம் இப்படியே போனது.

பிறகு நாற்சந்தியில் அவனுக்குச் சிலை வைத்தார்கள். மீசை சரியாக அரும்பாத பையனுக்குப் பெரிய முறுக்கு மீசை. திறப்பு விழாவில் தேச்சவ்வா நிமிர்ந்து பார்த்தாள்.

"இது யாரோட மாமனாரு?"

சிரிக்கவும் முடியாமல் உத்தய்யா தலை குனிந்துகொண்டார்.

மகனின் படைத்தோழன் ஐயண்ணாவும் வந்திருந்தான். ஒரு காலை இழுத்து நடப்பான். மேடையில் பேச மறுத்துவிட்டு அவளோடு வீட்டுக்கு வந்தான். என் பிள்ளையின் கடைசியை நீ பார்த்தாயா என்று கேட்டாள்.

"பாக்கலை அவ்வா. அடிபட்ட என்னைத் தூக்கிட்டு மத்தவங்க கீழ இறங்கினாங்க. நாங்க தப்பிக்கணும்னு அவன் மட்டும் மேல நின்னு சுட்டான்."

"பயந்தானா?"

"பயந்தான். ஆனாலும் நகரலை. போங்கடா, பின்னாடியே வர்றேன்னான். அவன் துப்பாக்கிச் சத்தம் கேக்கிற வரைக்கும் மொண்ணா இருக்கான்னு நெனச்சுட்டே போனோம்."

"அப்புறம்?"

"நின்னுடுச்சு அவ்வா."

தேச்சவ்வா எழுந்து சுவரில் இருந்த துப்பாக்கியை எடுத்துத் தோட்டா போட்டாள். உத்தய்யா கை நீட்டினார். கொடுக்கவில்லை.

"அவன் சத்தம் நின்னுடுச்சுல்ல. என் பிள்ளைக்கு நான்தான் சுடணும்."

முற்றத்தில் நின்று இரண்டு வெடி சுட்டாள்.

நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஆட்கள் ஓடி வந்தார்கள். யாருக்கு என்று கேட்டவர்களிடம், "மொண்ணப்பா போயிட்டான்" என்றாள். எல்லோருக்கும் தெரிந்த பழைய சாவுதான். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அன்று காலைதான் அவன் போனதுபோல அவளைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். பத்து வருடமாக வராத அழுகை அவளுக்கும் அப்போதுதான் வந்தது.

உங்கள் வீட்டிலிருந்து தூரம் போன பிள்ளைகளெல்லாம் சோறு ஆறுவதற்குள் வாசலுக்கு வந்து சேரட்டும். நல்லா இருங்கள்.